ஜெராக்ஸ் எடுத்தா சட்டம், பிடிஎஃப் எடுத்தா திருட்டா?

"பிடிஎஃப் இருக்கா?"ன்னு ஒருத்தர் கேட்டாலே திருட்டுப் பட்டம் கட்டுற கூட்டம் ஒண்ணு இருக்கு. எதைப் பார்த்தாலும் ஓசியில அனுப்புங்கன்னு நிக்கிற கூட்டம் இன்னொண்ணு. எனக்கு ரெண்டு பேர்கிட்டயும் சண்டை உண்டு மக்களே.

டெல்லி கதை ஞாபகம் இருக்கா? டெல்லி பொருளாதாரப் பள்ளி வளாகத்துல ராமேஸ்வரி ஃபோட்டோகாப்பி சர்வீஸ்னு ஒரு ஜெராக்ஸ் கடை. பாடத்திட்டத்துல உள்ள அத்தியாயங்களை மட்டும் பல புத்தகங்கள்ல இருந்து பிரதி எடுத்து, பைண்ட் பண்ணி, பக்கத்துக்கு 40 பைசான்னு மாணவர்களுக்குக் கொடுத்தாங்க. 2012ல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் மூணு பதிப்பகமும் சேர்ந்து அந்தக் கடை மேலயும் பல்கலைக்கழகத்து மேலயும் கேஸ் போட்டுட்டாங்க. (ஒரு ஜெராக்ஸ் கடைக்கு இம்புட்டுப் படையா!) ஆக்ஸ்ஃபோர்டில் புத்தகம் போட்ட அமர்த்தியா சென்னே, இது வேண்டாம்னு அவங்களுக்குக் கடிதம் எழுதினார்.

2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பாடம் நடத்துவதற்காகப் பிரதி எடுப்பதை மீறல் இல்லைன்னு சொல்லுது. அவர் கேட்டது ரொம்ப எளிமையான கேள்வி. நூலகத்தில் உக்காந்து கை வலிக்க எழுதிக்கிட்டா தப்பில்லை. அதையே மெஷின் சுளுவாச் செஞ்சா மட்டும் எப்படித் தப்பாகும்? அடுத்து வந்த டிவிஷன் பெஞ்ச் சில விஷயங்களை விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினாலும், அந்த அடிப்படையில கை வைக்கல. 2017 மார்ச்சில் பதிப்பகங்களே வழக்கை வாபஸ் வாங்கிட்டாங்க.

சரி, ஜெராக்ஸ் கதை முடிஞ்சுது. இப்போ ஜெராக்ஸ் கடைக்கு யார் போறா?

எங்க நாங்குநேரிப் பொண்ணு ஒண்ணு, சுயநிதிக் கல்லூரியில வேலை பார்த்துக்கிட்டே வாழை நோய் பத்தி பிஎச்டி பண்ணுது. சுத்தி வாழைத் தோட்டம், ஆராய்ச்சிக்குப் பஞ்சமில்லை. கட்டுரைக்குத்தான் பஞ்சம். ஒரு கட்டுரை 30 டாலருக்கு மேல. "அண்ணாச்சி, கைடு அறுபது எழுபது படிக்கச் சொல்லுதாரு, என் ரெண்டு மாச சம்பளம் ஓடிரும்"னு சிரிக்குது.

அந்தக் காசு எழுதினவருக்குப் போனா நான் வாயே திறக்க மாட்டேன். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினவருக்கு ராயல்டின்னு ஒரு பைசா கிடையாது. சரிபார்க்கிற பேராசிரியருக்கும் பொதுவா ஒண்ணும் கிடையாது. ஆராய்ச்சிச் செலவு பெரும்பாலும் நம்ம வரிப்பணம். எல்சேவியர் முதலான கம்பெனிகள் 2020 டிசம்பரில் சை-ஹப் மேல வழக்குப் போட்டு, 2025 ஆகஸ்டில் அந்தத் தளத்தை முடக்க டெல்லி உயர் நீதிமன்ற உத்தரவும் வாங்கியாச்சு. சட்டப்படி பாடத்துக்கு நாலு அத்தியாயம் எடுக்கிறதும் கோடிக்கணக்கான கட்டுரையை மொத்தமா ஏத்துறதும் ஒண்ணில்லைதான். படிக்கிற பிள்ளையோட தேவை மட்டும் அதே தேவை.

இதைச் சொல்லிட்டு, டெலிகிராமில் தமிழ் நாவலை ஸ்கேன் பண்ணிப் போடுற புண்ணியவான்களை நான் ஆதரிக்கிறதா நினைச்சுராதீங்க. முந்நூறு பிரதி அச்சடிச்சு, கைக்காசு போட்டுத் தவிக்கிற பதிப்பாளர் வயித்துல அடிக்கிறது வேற கணக்கு. நம்ம பதிவை எவனாவது பேர் போடாம சுட்டா எப்படிக் குதிக்கிறோம்!

2024 நவம்பரில் மத்திய அரசு 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 6,000 கோடி ஒதுக்குச்சு. 30 பதிப்பகங்களோட சுமார் 13,000 இதழ்களைப் படிக்கலாம். நல்ல காரியம். ஆனா முதல் கட்டம் அரசு நடத்துற நிறுவனங்களுக்கு மட்டும். நம்ம ஊர்ப் பக்கம் பாதிப் பிள்ளைக படிக்கிறது சுயநிதிக் கல்லூரியிலல்லா? அந்த வாசலை எப்போ திறப்பாங்க?

அதுவரைக்கும் கட்டுரை எழுதினவருக்கே மின்னஞ்சல் போடுன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லியிருக்கேன். பதினோரு பேருக்குப் போட்டுச்சு. ஏழு பேர் அனுப்பிட்டாங்க, அதுல ஒருத்தர் "படிச்சதும் என்ன நினைக்கிறேன்னு எழுது"ன்னு கேட்டிருக்கார்.