நட்சத்திரங்களின் மேல் போட்ட பழி

ஆங்கில இலக்கியம் படிக்கும் தோழர்கள் சிலர் போன வாரம் ஒரு தேர்வுக் கேள்வியோடு எங்களிடம் வந்தார்கள். ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தின் பால்கனி காட்சியில், பின்னால் வரப்போகும் சாவை ஷேக்ஸ்பியர் எப்படி முன்கூட்டியே உணர்த்துகிறார்? கையேட்டில் பதில் தயாராக இருந்தது: விதி, நட்சத்திரம், இருட்டு, மின்னல். எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். எங்களுக்கு அந்தப் பதிலில் உடன்பாடில்லை.

விதி என்பது கையேடு போட்டவர்களின் கற்பனை அல்ல, அதை ஒப்புக்கொள்கிறோம். நாடகத்தின் முன்னுரையே இவர்களைக் கோள்கள் கெடுத்த காதலர்கள் என்றுதான் அறிமுகம் செய்கிறது. விருந்துக்குப் போகும் வழியிலேயே ரோமியோவுக்கு ஏதோ கெட்டது வானத்தில் தொங்குவதாக மனம் சொல்கிறது. ஆனால் பால்கனி காட்சிக்கு வாருங்கள். இரவு நேரம். எதிரி வீட்டுத் தோட்டத்தில் ரோமியோ நிற்கிறான். பதிமூன்று வயதுப் பெண் மேலே இருந்து பேசுகிறாள். அவள் கோளைப் பற்றிப் பேசவில்லை. மதில் உயரமாயிற்றே, எப்படி ஏறினாய் என்கிறாள். நீ யார் என்று பார்த்தால் இந்த இடமே உனக்குச் சாவு என்கிறாள். என் உறவினர் கண்டால் கொன்றுவிடுவார்கள் என்கிறாள். அவர்கள் உன்னை இங்கே பார்த்துவிடக் கூடாது என்று மறுபடியும் சொல்கிறாள். ரோமியோவோ காதலின் சிறகால் மதிலைத் தாண்டினேன், உன் பார்வை இருபது வாளைவிடப் பயங்கரம் என்று கவிதை பேசிக்கொண்டிருக்கிறான்.

அந்தக் காட்சியில் நிலைமையைச் சரியாகக் கணித்தவள் ஜூலியட்தான். அவள் சொல்வதை சகுனம் என்று எடுத்துக்கொள்வது அவளை அவமதிப்பதாகும். தன் வீட்டு ஆண்களைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததை அவள் சொல்கிறாள். இந்த உறவு அளவுக்கு மீறிய வேகத்தில் போகிறது, மின்னல் போல வந்து மறைந்துவிடுமோ என்ற பயமும் அதே வாயிலிருந்துதான் வருகிறது. மின்னலுக்கு அடிக்கோடு போடும் கையேடு உறவினர் என்ற சொல்லை விட்டுவிடுகிறது!

ஒரு காட்சி முன்னால் போனால் அந்த உறவினர்களில் ஒருவன் நிற்கிறான். ஜூலியட்டின் மாமன் மகன் டைபால்ட். விருந்தில் குரலை வைத்தே ரோமியோவை அடையாளம் கண்டு, உடனே வாளைக் கேட்கிறான். ஜூலியட்டின் தகப்பன் கபுலெட் தடுக்கிறார். ஊரில் நல்ல பெயர் எடுத்த பையன், என் வீட்டு விருந்தில் கலாட்டா வேண்டாம் என்பதுதான் காரணம். பகை தப்பு என்ற பேச்சே எழவில்லை. டைபால்ட் கறுவிக்கொண்டே ஒதுங்குகிறான். அடுத்த நாள் அவனுடைய சவால் கடிதம் ரோமியோவின் தகப்பன் வீட்டுக்குப் போகிறது. தெருவில் சண்டை வருகிறது, மெர்குஷியோ சாகிறான், டைபால்ட் சாகிறான், ரோமியோ நாடு கடத்தப்படுகிறான். இதில் எந்த இடத்தில் நட்சத்திரம் வந்தது? பாதிரியாரின் கடிதம் கொள்ளைநோயால் போய்ச் சேராமல் போனதை வேண்டுமானால் விதியின் கணக்கில் எழுதலாம். ரோமியோ ஊரைவிட்டுத் துரத்தப்படாமல் இருந்திருந்தால் அந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

இதை நாங்கள் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உங்களுக்குப் புரியும். சாதி ஆணவக் கொலை நடந்த வீடுகளுக்குப் போகும்போது கொலையாளிகளைச் சேர்ந்தவர்கள் சொல்லும் முதல் வார்த்தை “விதி, என்ன பண்றது” என்பதுதான். பாதிக்கப்பட்ட வீட்டில் கேட்டால் வேறு கதை வரும். எந்த எண்ணிலிருந்து மிரட்டல் வந்தது, எந்த மாமன் பைக்கில் வந்து தெருவைச் சுற்றினான், காவல் நிலையத்தில் மனு கொடுத்தபோது ‘பெண்ணின் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசிப் பார்க்கலாம்’ என்று யார் சொன்னது என்று வரிசையாகச் சொல்வார்கள். ஜூலியட் சொன்ன அதே தகவல்கள்தான். அவள் மாடத்திலிருந்து சொன்னாள், நம் பிள்ளைகள் மனுவில் எழுதிக் கொடுக்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வெரோனாவின் இரண்டு வீடுகளும் அந்தஸ்தில் சமம். நாடகத்தின் முதல் வரியே அதைச் சொல்லிவிடுகிறது. அதனால்தான் கடைசியில் இரண்டு தகப்பன்களும் கை குலுக்க முடிகிறது, பிள்ளைகளுக்குத் தங்கச் சிலை வைப்பதாகப் போட்டி போட முடிகிறது. (சிலை வைப்பதில்கூடப் போட்டி!) சாதியில் இரண்டு வீடும் சமமில்லை. 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் நடுத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டவர் தலித் இளைஞர். ‘இரு குடும்பப் பகை’ என்று அதை எழுதிய கைகள் ஷேக்ஸ்பியரிடமிருந்து தவறான பாடத்தைக் கற்றவை.

கையேடுகள் கண்டுகொள்ளாத இன்னொரு ஆள் இளவரசர் எஸ்கலஸ். முதல் காட்சியிலேயே வந்து, இனி தெருவில் சண்டை போட்டால் மரண தண்டனை என்று முழங்குகிறார். அதன்பிறகு பிணம் விழுந்த பிறகுதான் வருகிறார், ஒவ்வொரு முறையும். நம் நாட்டிலும் முழக்கத்துக்குக் குறைவில்லை. 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு, 24 மணி நேர உதவி எண் என்று உத்தரவு போட்டது. உங்கள் மாவட்டத்தின் எண் எது? கூட்டங்களில் கேட்டுப் பார்க்கிறோம், கை தூக்குபவர்கள் மிகக் குறைவு. இந்த வாரமே விசாரித்து, கல்லூரி விடுதிச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

எஸ்கலஸிடம் ஒரு நேர்மை உண்டு. கடைசிக் காட்சியில் மூன்று பிணங்களுக்கு நடுவே நின்று, உங்கள் பகையை நானும் கண்டும் காணாமல் இருந்தேன், அதற்கு என் உறவினர் இருவரைப் பறிகொடுத்தேன் என்று ஒப்புக்கொள்கிறார். நாங்கள் பார்த்த எந்த அதிகாரியும் இதுவரை அப்படிச் சொன்னதில்லை. தேர்வு எழுதப் போகும் தோழர்களே, ஜூலியட்டின் மூன்று எச்சரிக்கைகளோடு இளவரசரின் இந்த ஒப்புதலையும் சேர்த்து எழுதுங்கள். மதிப்பெண் குறைந்தால் விடைத்தாள் நகலை எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.