அண்ணாச்சியின் காந்தமும் தாத்தாவின் ரேசரும்

சென்ற இதழில் சிவகிரி அண்ணாச்சி ஒருவர் சவர ரேசரைப் பற்றி எழுதியிருந்தார். நானும் அந்த ஊர்க்காரன்தான் என்பதால் கூடுதல் ஆசையோடு படித்தேன், கூடுதல் எரிச்சலோடு முடித்தேன். அவர் சொல்வது இவ்வளவுதான்: தாத்தா 1935இல் கொழும்பிலிருந்து கொண்டுவந்த ஜில்லெட் ரேசர் இன்றைக்கும் மின்னுகிறது. சங்கரன்கோவில் ஆடித்தபசுக் கடையில் இவர் வாங்கிய புது ரேசரோ ஆறு மாதத்தில் கழுத்து முறிந்து போனது. ஆகவே அந்தக் காலத்தவன் யோக்கியன், இந்தக் காலத்தவன் திருடன். புதியது எல்லாம் தகரம், என்ன விலை கொடுத்தாவது பழையதை வாங்குங்கள்.

முதலில் அந்த 1935ஐப் பார்ப்போம். பிடியின் அடியைத் திருகினால் மேலே இரண்டு கதவுகள் திறக்கும் என்கிறார். உள்ளே ‘சி 2’ என்று பொறித்திருப்பதாகவும், அது தர முத்திரை என்றும் எழுதுகிறார். தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, அது பிறந்த தேதி. 1950களில் அமெரிக்க ஜில்லெட் ஆலை ஆண்டுக்கு ஓர் எழுத்து, காலாண்டுக்கு ஓர் எண் என்று ரேசரிலேயே பொறித்து வந்தது. சி என்றால் 1957. 2 என்றால் ஏப்ரலிலிருந்து ஜூன் வரை. வெள்ளைக்காரன் காலத்துத் தரம் என்று இரண்டு பத்திக்குப் புல்லரித்திருக்கிறாரே, அந்த ரேசர் ஆலையை விட்டு வெளியே வந்தபோது வெள்ளைக்காரன் இங்கிருந்து கிளம்பிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. கையில் வைத்திருக்கும் பொருளின் வயதையே படிக்கத் தெரியாதவர் அதன் உலோகத்தைப் பற்றித் தீர்ப்பு எழுதுகிறார்.

அடுத்தது கைவினைப் புராணம். ஒவ்வொரு ரேசரையும் யாரோ ஒரு தொழிலாளி உட்கார்ந்து இழைத்து இழைத்துச் செய்தான் என்ற கற்பனை அவருக்கு. ஜில்லெட் முதன்முதலில் விற்பனைக்கு வந்த 1903இல் போனது 51 ரேசர். மறு வருஷமே தொண்ணூறாயிரத்தைத் தாண்டியது. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் மட்டும் 35 லட்சம் ரேசருக்கு ஆர்டர் கொடுத்தது. இதையெல்லாம் அரத்தால் ராவி முடிக்க எத்தனை கைவினைஞர் வேண்டும் என்று அவரே கணக்குப் போடட்டும். பித்தளைத் தகட்டைப் பிரஸ்ஸில் அடித்து, லேத்தில் மரை போட்டு, மேலே முலாம் பூசி அனுப்பிய ஆலைச் சரக்கு அது. நல்ல சரக்குதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு விலை என்ன என்பதை அண்ணாச்சி சொல்லவில்லை. 1921இல் காப்புரிமை முடியும்வரை அதன் விலை ஐந்து டாலர். அன்றைய அமெரிக்கத் தொழிலாளிக்கு அது வாரக்கூலியில் பெரிய பங்கு. காப்புரிமை போனதும் அதே கம்பெனி ஒரு டாலருக்கு விற்றது. யோக்கியதை ஒரே ராத்திரியில் ஐந்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டதா?

விழுந்தால் வளையாது என்றும் பெருமை பேசுகிறார். இதற்கு ஜில்லெட் கம்பெனியே பதில் சொல்லிவிட்டது. 1930இல் புது ரேசரை இறக்கியபோது அவர்கள் விளம்பரத்தில் சொன்ன முக்கியக் காரணமே, பழைய ரேசர் கீழே விழுந்தால் மூடியின் மூலை நசுங்குகிறது, அதனால் சவரம் செய்யும்போது முடி இழுபடுகிறது என்பதுதான். அதற்காகவே பிளேடின் நான்கு மூலைகளையும் வெட்டினார்கள். இன்று நாம் வாங்கும் பிளேடை எடுத்துப் பாருங்கள், அந்த வெட்டு இன்னமும் இருக்கிறது. மூலை நசுங்கிய ரேசர்கள் எங்கே போயின? பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போயின. நசுங்காத ஒன்றுதான் அண்ணாச்சியின் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. பிழைத்துக் கிடந்ததில் ஆகச் சிறந்ததை ஒரு தட்டிலும், திருவிழாக் கடையில் தார்ப்பாயில் பரப்பி வைத்ததில் ஒன்றை மறு தட்டிலும் வைத்துவிட்டு, பார்த்தீர்களா எது கனம் என்று கேட்பதற்குப் பெயர் ஒப்பீடு அல்ல, பஞ்சாயத்தில் ஒருதலைப்பட்சம்.

கனம் என்றதும் ஞாபகம் வருகிறது. கனமாக இருப்பதே தரம் என்பது அவருடைய இன்னொரு அளவுகோல். ஜெர்மனியின் சோலிங்கனில் செய்யும் மெர்க்கூர் 34சி எழுபது கிராமுக்கு மேல் எடை கொண்ட புதுக்கால ரேசர். கதவு திறக்கும் தாத்தாவின் ரேசர், அதாவது ஜில்லெட்டின் சூப்பர் ஸ்பீடு ரகம், அதைவிட இலேசு. அவருடைய அளவுகோலால் அளந்தால் அவருடைய தாத்தாவே தோற்கிறார்.

அவர் சொன்னதில் ஒன்று மட்டும் உண்மை. புது ரேசர் கழுத்து முறிகிறது. அதையும் தகரம் என்று சொல்லிக் கெடுத்துவிட்டார். அது தகரம் அல்ல, ஜமாக் என்ற கலவை. துத்தநாகத்தில் நூற்றுக்கு நான்கு பங்கு அலுமினியம் சேர்த்தது. நியூஜெர்சி ஜிங்க் கம்பெனி இதை உருவாக்கியது 1929இல். அதாவது, இந்தக் காலத்து அயோக்கியத்தனம் என்று அவர் சபிக்கும் உலோகம், அவர் சொல்லும் 1935க்கும் முந்தியது. இதை ஏன் பிடித்துக்கொண்டார்கள்? பித்தளை உருக ஏறக்குறைய 900 டிகிரி வேண்டும். ஜமாக் 400 டிகிரிக்குள் உருகிவிடும். எஃகு அச்சுக்குள் அழுத்தி ஊற்றினால் சீப்பு, பள்ளம், வளைவு எல்லாம் ஒரே ஊற்றில் வந்துவிடும். ஓர் அச்சு லட்சக்கணக்கான தலைகளைத் தரும். பிளேடு உட்காரும் இடைவெளி ஒன்றுக்கொன்று மாறாமல் இருப்பதற்கு இந்த வார்ப்பு மோசமான வழி அல்ல.

அதன் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. தலையிலிருந்து கீழே இறங்கும் மரைத்தண்டும் அதே வார்ப்பாக இருந்தால் அதற்கு வளைந்து கொடுக்கத் தெரியாது, பட்டென்று முறியும். பித்தளைத் தண்டு முதலில் வளையும், நமக்கு ஒரு தவணை கொடுக்கும். ஹார்டுவேர் கடையில் பித்தளை என்று தலையில் கட்டும் ஜிங்க் குழாயை நம் பிளம்பர் ஸ்பானர் போட்டு முறுக்கும்போது மரை மட்டும் சுவரோடு தங்கிவிடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அடுத்தது முலாம். செம்பு, நிக்கல், குரோமியம் என்று அடுக்காகப் பூசியிருக்கும்வரை ஜமாக் ராஜா. எங்காவது ஊசிமுனை அளவு பூச்சு விட்டால், உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கி, வெள்ளைத் தூளாகப் பொரிந்து, பூச்சைக் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கும். பித்தளையில் பூச்சு போனால் மஞ்சள் தெரியும், அவ்வளவுதான். ஆகவே வாங்குகிறவர் கேட்க வேண்டியது தண்டு எதில் செய்தது, பூச்சு எப்படி என்பதை. எந்தக் காலத்துச் சாமான் என்பதை அல்ல. இந்த இரண்டு வரியை எழுதியிருந்தால் வாசகனுக்கு உபயோகமாக இருந்திருக்கும்.

இன்றைக்கு எவர்சில்வரில் செய்த ரேசர்கள் வருகின்றன. ஜப்பானின் ஃபெதர் கம்பெனி செய்கிறது, இன்னும் பலர் 316எல் ரகத்தில் செய்கிறார்கள். முலாம் தேவையில்லை, உரிவதற்கு ஒன்றுமில்லை. விலை ஆயிரக்கணக்கில். ஐந்து டாலர் ரேசருக்கு நேர் நிறுத்த வேண்டியவை இவை. இவற்றைப் பற்றி அண்ணாச்சி மூச்சுவிடவில்லை. பிளாஸ்டிக்கைக் கண்டால் மட்டும் கலி முற்றிவிட்டது என்கிறார். இரண்டாம் உலகப் போரில் பித்தளை தோட்டாவுக்குப் போனபோது ஜில்லெட்டே பிளாஸ்டிக் பிடி வைத்த ரேசர் செய்தது. 2010இல் அதே கம்பெனி இந்தியாவில் 15 ரூபாய்க்கு இறக்கிய கார்டு ரேசரும் பிளாஸ்டிக்தான். முன்னதற்குக் காரணம் உலோகப் பஞ்சம், பின்னதற்குக் காரணம் நம் சட்டைப்பை.

தாத்தாவின் ரேசரில் சவரம் செய்தால் வெண்ணெயாக வழுக்குகிறது என்று உருகுகிறார். உள்ளே போட்ட பிளேடு எந்த வருஷத்தது ஐயா? 1957இல் போட்டிருந்தால் அது கார்பன் எஃகுப் பிளேடு. ஈரத்தோடு வைத்தால் மறுநாளே துரு. வில்கின்சன் என்ற போட்டிக் கம்பெனி துருப்பிடிக்காத பிளேடைக் கொண்டுவந்து ஜில்லெட்டைத் திணறடித்தது 1960களின் தொடக்கத்தில்தான். அண்ணாச்சியின் கன்னத்தை வழுக்கவைப்பது இந்தக் காலத்தில் செய்த, விளிம்பில் மேல்பூச்சு ஏற்றிய பிளேடு. வேலை செய்தது பேரன் காலத்துப் பிளேடு, பாராட்டு மட்டும் தாத்தா காலத்துப் பிடிக்கு.

இதுவரை சிரித்துவிட்டுப் போகலாம். என்ன விலை கொடுத்தாவது பழையதை வாங்குங்கள் என்ற புத்திமதியைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை. பழைய ரேசரை பஃபிங் சக்கரத்தில் தேய்த்து, புது முலாம் போட்டு, பளபளவென்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தேய்ப்பில் பிளேடைத் தாங்கும் விளிம்பு மழுங்கும், இடைவெளி ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறையும். காசையும் கொடுத்து கன்னத்தையும் அறுத்துக்கொள்ளும் வழி அது.

கடைசியாக அவருடைய விஞ்ஞானச் சோதனை. காந்தத்தை வைத்தாராம், ஒட்டவில்லையாம், ஆகவே அசல் பித்தளையாம். காந்தம் ஒட்டாவிட்டால் சாதா இரும்பு இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். ஜிங்கிலும் ஒட்டாது, அலுமினியத்திலும் ஒட்டாது. தகரம் என்று திட்டிய அந்தப் புது ரேசரில் காந்தத்தை வைத்துப் பார்த்தாரா? தகரம் என்றால் இரும்புத் தகடு, பிடித்து இழுத்திருக்க வேண்டுமே!

உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் சிவகிரி பஜாரில் ஏதாவது ஒரு நகைக்கடைக்குப் போகட்டும். முறிந்த ரேசரின் தலையை முதலில் எடை போடட்டும். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, தலையை நூலில் கட்டி அடியில் படாமல் முக்கட்டும். அப்போது தராசு காட்டும் கிராமால் முதல் எடையை வகுக்க வேண்டும். 8.5 பக்கம் வந்தால் பித்தளை, 8 என்றால் எவர்சில்வர், 6.7 என்றால் ஜமாக், 2.7 என்றால் அலுமினியம். வரும் எண்ணை அடுத்த இதழில் எழுதட்டும். முறிந்த துண்டைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டார், பழைய சாமானைச் சேர்த்து வைப்பதில் அண்ணாச்சியை மிஞ்ச ஆள் கிடையாது.