ரமணாசிரமம் பகுதியில் வாடகைக் கொள்ளை!

திருவண்ணாமலை செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில், ஒரு தொழிலாளி குடும்பம் வாடகைக்கு வீடு தேடிப் பார்க்கட்டும். "சீசனுக்கு விட்டாயிற்று" என்பார்கள். "நாள் வாடகைக்குத்தான் விடுவோம்" என்பார்கள். தப்பித்தவறி வீடு கிடைத்தாலும், கொஞ்ச நாளில் வந்துவிடும் உத்தரவு: "கூட்டிக் கொடு, இல்லாவிட்டால் காலி செய்!"

இங்கே வீடு கேட்பவர்கள் யார்? கிரிவலப் பாதையைப் பெருக்குகிறவர்கள், லாட்ஜுகளில் துணி துவைக்கிறவர்கள், பூக்கட்டி விற்கிறவர்கள், கொத்தனார்கள், சித்தாள்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், ஓட்டல் தொழிலாளிகள். பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் லட்சக்கணக்கான ஜனங்கள் மலை சுற்றுகிறார்களே, அந்த 14 கிலோமீட்டர் பாதை விடிந்தபின் சுத்தமாவது யாருடைய கைகளால்? ஊரை நடத்துகிறவனுக்கு ஊருக்குள் இடமில்லை!

மதிப்பு ஏற்றியவன் யார்?

"இடத்தின் மதிப்பு ஏறிவிட்டது, வாடகையும் ஏறத்தான் செய்யும்" என்று வாதம் செய்கிறார்கள். நாம் கேட்கிறோம்: அந்த மதிப்பை ஏற்றியவன் யார்? 1896-ல் இந்த ஊருக்கு வந்து, கோவணமே உடையாக வாழ்ந்து, 1950 ஏப்ரல் 14-ல் மறைந்தவர் ரமணர். சொத்து வேண்டாமென்றிருந்த அவருடைய பெயரைச் சொல்லி மனை வியாபாரி சதுர அடிக்கு விலை கூறுகிறான்! சாலை போட்டது ஜனங்களின் வரிப்பணம். பஸ் ஓட்டுகிறவன் தொழிலாளி. 2024 மே மாதம் சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூருக்கு ஓடிய ரயில் திருவண்ணாமலை வரை நீண்டது. அதற்கும் வீட்டுக்காரர் ஒரு காசு போடவில்லை. வீட்டில் ஒரு செங்கல் கூடவில்லை, வாடகை மட்டும் கூடுகிறது. ஊரார் உழைப்பில் விளைந்ததை ஒருவன் பையில் போடுவதற்குப் பெயர் என்ன? கொள்ளை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

ஆசிரமத்துக்கு வருகிற பக்தர்களோடு நமக்குச் சண்டையில்லை. அவர்கள் எந்த நாட்டுக்காரர்களாகவும் இருக்கட்டும். ஒரே ஒரு அறையை வாடகைக்கு விட்டு மருந்துச் செலவைச் சமாளிக்கும் கிழவியும் நமக்கு எதிரியல்ல. வரிசை வரிசையாக வீடுகளை வளைத்துப் போட்டு, குடியிருந்தவர்களைக் கிளப்பிவிட்டு, நாள் கணக்கில் பணம் கறக்கிறார்களே, அவர்களைத்தான் சொல்கிறோம்.

"தள்ளிப் போ" என்ற உபதேசம்

கட்டாதவன் கிராமத்துப் பக்கம் போகட்டும், அங்கே வாடகை மலிவு என்று உபதேசிக்கிறார்கள். மலிவா? விடியுமுன் வேலைக்கு வரவேண்டிய தாய்க்கு அந்நேரம் பஸ் ஏது? இரவுக் கடை முடிந்தபின் பஸ் ஏது? வாடகையில் மிஞ்சியது ஆட்டோவுக்குப் போகிறது. மிச்சத்தைத் தூக்கம் கொடுத்துக் கட்டவேண்டியிருக்கிறது. 2021-ல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று அறிவித்தார்கள். வரவேற்கிறோம். ஆனால் பஸ்ஸே வராத இடத்துக்குத் துரத்தப்பட்டவளுக்கு இலவச டிக்கெட்டால் என்ன பயன்?

தள்ளிப் போக முடியாதவன் மலையடிவாரத்தில் ஏறுகிறான். 2024 டிசம்பர் 1-ந் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில், வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து 7 உயிர்கள் புதைந்தன. அவர்களில் 5 பேர் குழந்தைகள். சரிவில் குடியிருப்பது ஆபத்தென்று ஏழைக்குத் தெரியாதா? தெரியும். கீழே இடம் கொடுக்காமல், மேலே ஏறாதே என்று மட்டும் சொல்வது நியாயமா?

சட்டம் யார் பக்கம்?

1960-ம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் ஓட்டைகள் பல இருந்தன. ஆனாலும் 'நியாய வாடகை' என்று ஒரு சொல் இருந்தது. கட்டடத்தின், மனையின் மதிப்பைக் கணக்கிட்டு, குடியிருப்பு வீட்டுக்கு வருஷத்துக்கு 9 சதவிகிதம் என்று வாடகையை நிர்ணயிக்க அதிகாரி இருந்தார். 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் அமுலுக்குக் கொண்டுவந்த புதிய சட்டம் அந்தச் சொல்லையே எடுத்தெறிந்தது. "இருவரும் பேசி முடிவு செய்து கொள்ளுங்கள்" என்றது. வீடு வைத்திருப்பவனும் பிள்ளைகளோடு தெருவில் நிற்பவனும் சமமாக உட்கார்ந்து பேசுவார்களாம்! மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாதென்று எழுதிவிட்டு, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இருந்தாலொழிய என்று அதிலேயே வாசலும் திறந்து வைத்திருக்கிறார்கள். எழுத்து ஒப்பந்தம் இல்லையென்பதையே காரணம் காட்டிக் குடித்தனக்காரரை வெளியேற்றக் கேட்கவும் வழி செய்திருக்கிறார்கள்.

"வருஷத்துக்குப் பத்து சதவிகிதம் மிதமான உயர்வுதானே?" என்கிறார்கள். கணக்குப் போடுவோம். 5,000 ரூபாய் வாடகை ஐந்தே வருஷத்தில் 8,000 ரூபாயைத் தாண்டும். ஆலைத் தொழிலாளியின் கூலி, நடவு நடுகிறவளின் கூலி அப்படி ஏறியதா? கூலி ஏறும் அளவுக்கு மேல் வாடகை ஏறினால் அது மிதமல்ல, கூலி வெட்டு!

வழி இருக்கிறது

கட்டுப்படுத்த முடியாதென்பது பொய். 1915-ல், யுத்த காலத்தில், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். மேரி பார்பர் என்ற பெண்மணி முன்நிற்க, தொழிலாளர் வீட்டுப் பெண்கள் வாடகை கொடுக்க மறுத்தார்கள். ஆலைத் தொழிலாளர்களும் துணைக்கு வந்தார்கள். அந்த வருஷமே பிரிட்டிஷ் சர்க்கார் வாடகையை யுத்தத்துக்கு முந்தைய அளவில் நிறுத்திச் சட்டம் போட்டது. வியன்னா நகரசபை பணக்காரர்கள் மீது வீட்டு வரி போட்டு, 1934-க்குள் 60,000-க்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. 1930-ல் திறந்த 'கார்ல் மார்க்ஸ் ஹோஃப்' ரயில் நிலையத்தின் எதிரிலேயே நிற்கிறது. தொழிலாளிக்கு நிலையத்தருகே குறைந்த வாடகை வீடு!

நம் தமிழ்நாட்டிலும் மிராசுதார் நினைத்தால் விவசாயத் தொழிலாளியின் குடிசையைப் பிய்த்தெறியலாம் என்ற காலம் இருந்தது. போராட்டங்கள் நடந்தன. 1971-ல் குடியிருப்பு மனையை அதில் வாழ்பவருக்கே சொந்தமாக்கும் சட்டம் வந்தது. வயலில் முடிந்தது, நகரத்தில் முடியாதா?

நாம் கோருவது இவை:

வாடகை உயர்வுக்குச் சட்டத்தில் உச்சவரம்பு வை! நியாய வாடகையைத் திரும்பக் கொண்டு வா!

குடியிருப்பு வீடுகளை நாள் வாடகை விடுதிகளாக்குவதை மாநகராட்சி கட்டுப்படுத்து!

செங்கம் சாலை பஸ் தடத்திலேயே, அரசு நிலத்தில், தொழிலாளர்களுக்கு வாடகை வீடுகள் கட்டு! மலையடிவாரத்து ஜனங்களுக்கு மாற்று வீடு கொடுக்காமல் கிளப்பாதே!

அதுவரை குடித்தனக்காரர்கள் தனித்தனியே கெஞ்ச வேண்டாம். ஒப்பந்தத்தை எழுத்தில் கேளுங்கள். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள். கொடுத்த வாடகைக்கு ரசீது வாங்குங்கள். தெருத் தெருவாகக் குடித்தனக்காரர் சங்கம் கட்டுங்கள். ஒரு வீட்டுக்குக் காலி நோட்டீஸ் வந்தால், தெருவே வாசலில் நிற்கட்டும்!