எண்ணிக்கைப் பைத்தியம்

முதல்லயே ஒரு ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்துடறேன். எனக்கு ஒரு பழக்கம் இருக்கு. எதைக் கேட்டாலும், எதைப் பார்த்தாலும் எண்ணிடுவேன். வேணும்னு செய்யறதில்லைங்க, அது பாட்டுக்கு உள்ளே ஓடிட்டிருக்கும். போன வாரம் ஒரு மணி நேர மீட்டிங்ல எங்க மேனேஜர் 'பேசிக்கலி'ன்னு சொன்னது 41 தடவை. ஆணி பிடுங்கப் போன இடத்துல இதையா செய்யறேன்னு கேக்காதீங்க. ஆணியும் பிடுங்கினேன், எண்ணவும் எண்ணினேன் :-)

இது எங்கேருந்து வந்ததுன்னு யோசிச்சா நகரிக்குத்தான் போகணும். திருத்தணியைத் தாண்டி ஆந்திராவுக்குள்ள நுழைஞ்சதும் வர்ற எங்க ஊர். வீட்டுல தமிழ், பள்ளிக்கூடத்துல தெலுங்கு, தெருவுல ரெண்டும். பக்கத்து ஏகாம்பரகுப்பமும் சேர்த்து விசைத்தறிக்குப் பேர் போன இடம். எங்க நைனாவும் தறிதான் ஓட்டினார். ஒரு தறி நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல அடிக்கும். அந்தச் சத்தத்துலயே தூங்கி, அந்தச் சத்தத்துலயே முழிச்ச பையன் எண்ணாம என்னங்க செய்வான்?

நகரியிலிருந்து அரக்கோணம் பக்கமா ரயில்ல போனா வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டைன்னு ஒரு ஸ்டேஷன் வரும். நீளமான பேருக்காகவே இந்தியா முழுக்க பிரபலம். இங்கிலீஷ் போர்டுல 28 எழுத்து. பொது அறிவுப் புத்தகத்துல நான் அதைப் படிக்கலை, ஏழு வயசுல ஜன்னல் வழியா எண்ணினேன். கூட்ஸ் வண்டி போனா பெட்டியை எண்ணுவேன். திருமலைக்கு அலிபிரி வழியா நடந்தா 3,550 படின்னு சொல்வாங்க. எல்லாரும் கோவிந்தா சொல்லி ஏறுவாங்க, நான் நம்பர் சொல்லி ஏறுவேன். "சாமி பேர் வர்ற வாயில கணக்கு வருது பாரு"ன்னு ஆயா தலையில ஒரு குட்டு வைக்கும்.

பள்ளிக்கூடத்துல நிலைமை இன்னும் மோசம். பாடம் முடிஞ்சதும் வாத்தியார் "என்ன புரிஞ்சுது?"ன்னு கேட்டார். "சாக்பீஸ் பதினாலு தடவை உடைஞ்சுது சார்"னு உண்மையைச் சொன்னேன். அன்னிக்கு விழுந்த அடியையும் எண்ணினேன், அந்தக் கணக்கு இங்க வேண்டாம். 'எண்ணிக்கைப் பைத்தியம்'னு பேரும் வந்துடுச்சு. அதோட வாயை மூடினவன்தான். கல்யாணம் ஆகி ஆறு வருஷம் வரைக்கும் தங்கமணிக்கே தெரியாதுன்னா பாத்துக்குங்க.

இப்போ டல்லாஸ். இங்க தெலுங்குக்காரங்க அதிகம். கூட வேலை பாக்கற ஒரு தெலுங்கு நண்பர், உகாதி சமயத்துல நடந்த அஷ்டாவதானத்துக்கு இழுத்துட்டுப் போனார். எங்க ஊர்ல சின்ன வயசுல காதுல விழுந்த சொல்தான், ஆனா கண்ணால பாத்ததில்லை. மேடையில அவதானி ஒருத்தர், எதிரே எட்டு பிருச்சகர்கள். ஒருத்தர் ஈற்றடி கொடுத்து செய்யுளை முடிக்கச் சொல்றார். ஒருத்தர், இந்த எழுத்து வரக்கூடாது, அந்த எழுத்து வரக்கூடாதுன்னு அடிக்கு அடி தடுக்கறார். இன்னொருத்தருக்கு வேலையே சம்பந்தமில்லாம பேசி அவதானியைக் குழப்பறதுதான். இதுக்கு நடுவுல ஒருத்தர் நெனச்சப்பல்லாம் மணி அடிக்கறார். கடைசியில எத்தனை மணி அடிச்சதுன்னு அவதானி சொல்லணும்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இது என் நோயாச்சே! மேடை போட்டு, மாலை போட்டு பாத்துக்கிட்டிருக்காங்க!

முடிவுல அவதானி "இருபத்தேழு"ன்னார். கூட்டம் கை தட்டுச்சு. என் மனசுலயும் இருபத்தேழுதான் இருந்தது. யாருகிட்டயும் சொல்லலை. ஆனா முப்பது வருஷமா குனிஞ்சிருந்த ஏதோ ஒண்ணு உள்ளே நிமிர்ந்து உக்காந்துச்சு.

வீட்டுக்கு வந்து தேடித் தேடிப் படிச்சேன். தெலுங்குக்கு மட்டும் சொந்தமில்லையாம் இது. தமிழ்லயும் அவதானம், கவனகம்னு பெரிய மரபு இருக்கு. முதுகுல விழற சின்னக் கல்லை எண்ணிக்கிட்டே வெண்பாவுக்கு ஈற்றடி முடிக்கணும். நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில 1874ல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907 மார்ச் 10 அன்னிக்கு சென்னை விக்டோரியா ஹால்ல நூறு விஷயங்களை ஒரே சமயத்துல கவனிச்சு சதாவதானின்னு பட்டம் வாங்கினார். 2008ல் அவருக்குத் தபால்தலையே வெளியிட்டாங்க. எங்க பக்கத்துலயே, திருப்பதியில அன்னமாச்சார்யா திட்டத்தோட இயக்குநரா இருந்த மேடசானி மோகன் பேர்பெற்ற அவதானி. பக்கத்துலயே இருந்தும் பள்ளிக்கூடத்துல ஒருத்தரும் எனக்கு இதைச் சொல்லலையே!

இன்னொரு ஆள், சென்னையில பிறந்த ராஜன் மகாதேவன். 1981ல் பை மதிப்பை 31,811 இலக்கம் வரைக்கும் மனசுலேருந்து சொல்லி கின்னஸ்ல ஏறினவர். அப்புறம் அமெரிக்காவுல கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்துல படிக்கப்போக, அங்க உளவியல் பேராசிரியர்கள் அவரை வருஷக்கணக்கா சோதிச்சு 1993ல் ஒரு புத்தகமே போட்டாங்க. எண்கள்ல இருந்த அந்த அசாத்தியம், கதையை ஞாபகம் வெச்சுக்கறதுல அவருக்கு இல்லை. எனக்கு இது பெரிய ஆறுதல். ஒரு திறமை இருந்தா எல்லாத்துலயும் புலியா இருந்தாகணும்னு ஒண்ணுமில்லை.

சரி, இதுல நான் சொல்ல வர்றது என்ன? நம்ம ஊர்ல மார்க் வாங்கித் தராத திறமைக்குப் பேர் கிடையாது. பேர் இல்லாத திறமை பைத்தியக்காரத்தனமா ஆயிடுது. அதே எண்ணிக்கையை வகுப்புல செஞ்சா பிரம்படி, மேடையில செஞ்சா பொன்னாடை. அன்னிக்கு அந்த வாத்தியார் "இதுக்கு அவதானம்னு பேரு, கூடவே செய்யுளும் கத்துக்கோ"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்.

அதுக்காக நானும் அவதானியும் ஒண்ணுன்னு சொல்ல வரலை. நான் எண்ண மட்டும் எண்ணினேன். அவர் எண்ணிக்கிட்டே கவிதை கட்டினார், கிண்டலுக்குப் பதில் சொன்னார், எல்லாத்தையும் கடைசியில வரிசையா ஒப்பிச்சார். எனக்கு இருந்தது எட்டுல ஒரு பங்கு விதை. அவர் தண்ணி ஊத்தினார், நான் மண்ணைப் போட்டு மூடினேன். இன்னொண்ணும் சொல்லணும். எண்ணலைன்னா ஏதோ கெட்டது நடந்துடும்னு பயந்து எண்ணறவங்க இருக்காங்க. அது வேற விஷயம், அதுக்கு டாக்டரைத்தான் பாக்கணும். எனக்கு அந்தப் பயம் இல்லை, சுகம்தான்.

அந்த ராத்திரி ஊருக்குப் போன் பண்ணி நைனாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார்: "இதுல என்னடா இருக்கு? எங்க எல்லாருக்கும் உள்ளதுதானே. தூங்கும்போது கூட, எந்தத் தறி நின்னுச்சுன்னு காது சொல்லிடும்."

அவருக்கு அது திறமைன்னு கடைசி வரைக்கும் யாரும் சொல்லலை. நானும் சொல்லலை. அன்னிக்குத்தான் சொன்னேன். "போடா, போன் காசு ஏறுது"ன்னு வெச்சுட்டார். ஆனா மறுநாள் அம்மா சொல்லித் தெரிஞ்சுது, காலையில டீக்கடையில நாலு பேர்கிட்ட அவதானம்னா என்னன்னு விளக்கிட்டு இருந்தாராம்.

போன மாசம் எங்க பையனோட ஸ்கூல்லேருந்து ஒரு கடிதம் வந்துச்சு. வகுப்புல கவனம் இல்லையாம், கூரையைப் பாத்து ஏதோ முணுமுணுக்கறானாம். திட்டறதுக்கு வாயெடுத்தேன். அப்புறம் மெதுவா, "எத்தனை ஓடுடா?"ன்னு கேட்டேன்.

"நூத்தி எம்பத்தி ரெண்டு. ஒண்ணு பாதி"ன்னான்.

தங்கமணி எங்க ரெண்டு பேரையும் பாத்த பார்வை இருக்கே... அது எத்தனையாவது தடவைன்னு நான் சத்தியமா எண்ணலைங்க.