கட்டியங்காரன் வராத கூத்து

நவரை அறுப்பு முடிஞ்சு நெல்லைக் களத்துல குவிச்சு வெச்சிருக்கோம். கொள்முதல் நிலையத்துல நம்ம முறை வர்ற வரைக்கும் ராத்திரி காவல். போன சனிக்கிழமை நான், என் பங்காளி அண்ணன், ஒரகடத்துல கம்பெனி வேலைக்குப் போற என் பையன், மூணு பேரும் தார்ப்பாய்க்குப் பக்கத்துல கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தோம்.

பையன் காதுல எப்பவும் இயர்போன் இருக்கும். "என்னடா அப்படிக் கேக்குற?"ன்னேன். "பயங்கரக் கதைப்பா. பேய் கிடையாது, வேற கிரகத்துல இருந்து வர்றதுங்க. படமே இல்ல, வெறும் சத்தம்தான்"ன்னான். இப்பல்லாம் இந்த மாதிரி ஒலி நாடகம் போன்ல நிறைய வருதாம். இதுக்கெல்லாம் பாட்டன் ஒண்ணு இருக்குன்னு சொல்லி, அதையே போட்டான். இங்கிலீஷ் நாடகம். நிறுத்தி நிறுத்தி அவன் தமிழ்ல சொன்னதால, ஒரு மணி நேர நாடகம் எங்களுக்கு ரெண்டு மணி நேரம் ஓடுச்சு.

'வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்'னு பேரு. எச்.ஜி. வெல்ஸ்னு ஒரு எழுத்தாளர் 1898ல புத்தகமா போட்ட கதை. அதை வானொலி நாடகமா எழுதினவர் ஹோவர்டு காக். நடிச்சு நடத்தினவர் ஆர்சன் வெல்ஸ், அப்ப அவருக்கு வயசு 23தான். பேருதான் ஒரே மாதிரி, எழுத்தாளருக்கு இவர் சொந்தம் கிடையாது. 1938 அக்டோபர் 30, ஞாயித்துக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு அமெரிக்காவுல சி.பி.எஸ். வானொலியில ஒலிபரப்பாச்சு. நம்ம சென்னை வானொலி நிலையம் தொடங்கினதும் அதே 1938, ஜூன் 16தான். நம்ம ஜனங்க ரேடியோப் பெட்டியை அதிசயமா பாத்துக்கிட்டு இருந்தப்ப, அங்க அதை வெச்சுக் கிலி கிளப்பியிருக்காங்க.

நாடகம் நாடகம் மாதிரியே இருக்காது. வானிலை அறிக்கை வருது. ஹோட்டல்ல இருந்து பாட்டுக் கச்சேரி வருது. நடுவுல நிறுத்தி, "முக்கியச் செய்தி, செவ்வாய் கிரகத்துல ஏதோ வெடிச்சிருக்கு"ங்கிறாங்க. மறுபடியும் பாட்டு. மறுபடியும் செய்தி. நியூ ஜெர்சியில குரோவர்ஸ் மில்னு ஒரு சின்ன ஊரு, அங்க வில்மத்ங்கிற விவசாயியோட நிலத்துல ஏதோ வந்து விழுந்திருக்கு. நிருபர் ஓடுறாரு. மூடி திறக்குது, உள்ள இருந்து ஒண்ணு வெளிய வருது, நெருப்புக் கதிர் அடிக்குது, ஜனங்க அலறுறாங்க. நிருபர் பேசிக்கிட்டே இருக்கும்போது சட்டுனு எல்லாம் நின்னுடுது. சில நொடி ஒண்ணுமே கேக்கல. களத்துல தவளைச் சத்தம் மட்டும்தான். எனக்கு முதுகு சில்லுனு ஆயிடுச்சு. எந்தச் சத்தத்துக்கும் வராத பயம் அந்தச் சத்தமில்லாத நேரத்துல வந்துச்சு.

எனக்குப் பிடிச்ச இடம் வேற ஒண்ணு. அந்த விவசாயி வில்மத்கிட்ட நிருபர் மைக்கை நீட்டுறாரு. அவர் நம்ம ஊர்க்காரர் மாதிரியே ஆரம்பத்துல இருந்து நிதானமா சொல்றாரு. ரேடியோ கேட்டுக்கிட்டு இருந்தாராம், அரைத்தூக்கத்துல இருந்தாராம். நிருபருக்குப் பொறுக்கல, சீக்கிரம் விஷயத்துக்கு வாங்கன்னு அவசரப்படுத்துறாரு. அண்ணன் கட்டில்லயே எழுந்து உக்காந்து சிரிச்சாரு. "வெள்ளத்துக்கு வந்த டிவிக்காரன் நம்மகிட்ட கேட்ட மாதிரியே இருக்குதுடா!"

பாதி நாடகம் ஓடும்போது என் வீட்டுக்காரம்மா சாப்பாட்டுத் தூக்கோட வந்தாங்க. அந்த நேரம் பையன், "கரும்புகை ஆத்தைத் தாண்டி வருதாம், ஜனங்க ஈசல் மாதிரி விழறாங்களாம்"னு சொல்லிக்கிட்டு இருந்தான். தூக்கைக் கீழ வெச்சுட்டு அப்படியே நின்னுட்டாங்க. "எந்த ஊருலடா? நம்ம பாப்பா இருக்கிற பக்கமா?"ன்னாங்க. பொண்ணு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாழ்க்கைப்பட்டிருக்கு. நாங்க சிரிச்சோம். அவங்க சிரிக்கல. "கதைன்னா முதல்லயே சொல்ல மாட்டீங்களா?"ன்னு திட்டிட்டுப் போயிட்டாங்க.

அமெரிக்காவுல நடந்ததும் இதேதான். நாடகம்னு தொடக்கத்துலயே அறிவிச்சாங்க, நடுவுலயும் சொன்னாங்க. தொடக்கத்துல இருந்து கேட்டவங்களைவிட, நடுவுல வந்து திருப்பினவங்கதான் அதிகமா நம்பியிருக்காங்க. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துல ஹாட்லி கேன்ட்ரில்னு ஒருத்தர் இதை ஆராய்ச்சி பண்ணி 1940ல புத்தகமே போட்டாரு. பயந்தவங்கள்ல பல பேரு செவ்வாய் கிரகத்துக்காரன்னு நினைக்கவே இல்லையாம். ஜெர்மனிக்காரன் படையெடுத்துட்டான்னு நினைச்சாங்களாம். ஐரோப்பாவுல எப்ப சண்டை வெடிக்குமோன்னு இருந்த காலம் அது. என் வீட்டுக்காரம்மாவுக்குப் பொண்ணு ஞாபகம் வந்த மாதிரி, அவங்கவங்க மனசுல ஏற்கனவே இருக்கிற பயந்தான் முதல்ல எழுந்திரிக்குது.

மறுநாள் பேப்பர்ல, நாடே பைத்தியம் பிடிச்சு ஓடுச்சுங்கிற மாதிரி போட்டாங்க. அவ்வளவு நடக்கலைன்னு பின்னாடி வந்த ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. அன்னிக்கு ராத்திரி எடுத்த கணக்குல, இதைக் கேட்டவங்க நூத்துக்கு ரெண்டு பேருதான். வேற வானொலியில ஓடுன சிரிப்பு நிகழ்ச்சியைத்தான் நிறையப் பேரு கேட்டுக்கிட்டு இருந்தாங்க. விளம்பரக் காசை வானொலி பிடுங்கிக்கிட்டுப் போகுதேன்னு பேப்பர்காரங்களுக்கு வயித்தெரிச்சல், அதனால ஊதிப் பெருசாக்கினாங்கன்னு சொல்றாங்க. ஆர்சன் வெல்ஸுக்கு வந்த ஆயிரத்துச் சொச்சம் கடுதாசி இன்னும் மிச்சிகன் பல்கலைக்கழகத்துல இருக்குதாம். அதுல திட்டை விடப் பாராட்டுதான் அதிகமாம்.

இதெல்லாம் சொல்லிட்டு என் பையன் முடிச்சான்: "எப்படியோ, நம்பினவங்க ஏமாளிங்கப்பா." டவுன்ல இருக்கிற நீங்களும் அப்படித்தான் நினைப்பீங்க. நான் ஒத்துக்க மாட்டேன்.

குரலை நம்புறது ஏமாளித்தனம் கிடையாது, எங்களுக்கு அது பிழைப்பு. எங்க நைனா சென்னை வானொலியில 'வீடும் வயலும்' கேக்காம சாயங்காலம் சாப்பிட மாட்டாரு. உரம் எப்ப வைக்கணும், பூச்சிக்கு என்ன பண்ணணும், எல்லாம் அந்தப் பெட்டி சொன்னதுதான். 1960கள்ல தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை 27ங்கிற புது நெல்லைத் திருச்சி வானொலி சொல்லிச் சொல்லிப் பரப்புச்சு. ஜனங்க அதுக்கு 'ரேடியோ நெல்லு'ன்னே பேரு வெச்சுட்டாங்க. முகம் தெரியாத ஒரு குரலை நம்பி ஒரு போகத்தையே விதைச்சாங்க. அந்த நம்பிக்கைதான் சோறு போட்டுச்சு.

அதே நம்பிக்கையை விளையாட்டா தொட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்.

2015 பெருமழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்க ஊரே ஏரிக்குக் கீழதான் இருக்குது. தொண்டைமான் இளந்திரையன் வெட்டுன திரையன் ஏரிதான் தென்னேரி ஆச்சுன்னு சொல்லுவாங்க, பார்த்தா கடல் மாதிரி கிடக்கும். கரண்ட் இல்லாத ஒரு ராத்திரி, ஒருத்தர் போனுக்கு ஒரு குரல் வந்துச்சு. செய்தி வாசிக்கிற மாதிரியே நிதானமான ஆம்பளைக் குரல். "ஏரிக்கரை உடைந்துவிட்டது, மக்கள் உடனே வெளியேறவும்." எவன் பேசினான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. குழந்தை குட்டியைத் தூக்கிக்கிட்டு இருட்டுல மேட்டுக்கு ஓடுனோம். எதிர்வீட்டுப் பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிஞ்சது, அப்புறம் அவங்க எழுந்து நடக்கவே இல்ல. விடிஞ்சு போய்ப் பார்த்தா கரை கல்லு மாதிரி நிக்குது.

ரெண்டு நாள் கழிச்சு நிஜமான தண்டோரா வந்துச்சு. உபரித்தண்ணி அதிகமா போகுது, கால்வா ஓரத்துல ஆடு மாடு கட்டாதீங்கன்னு. "அன்னிக்கும் இப்படித்தான் சொன்னானுங்க"ன்னு நான் திரும்பிப் படுத்துட்டேன். வேற யாரையும் சொல்லல, நான்தான். என் கொட்டாய் கால்வா ஓரத்துல இருந்துச்சு. கன்னுக்குட்டியைக் காலையில வேலியில மாட்டிக்கிட்டு இருந்ததைத்தான் எடுத்தேன்.

எக்வடார் நாட்டுல கீட்டோன்னு ஒரு ஊரு. 1949 பிப்ரவரியில அங்கேயும் இதே நாடகத்தை வானொலியில போட்டாங்க. பொய்னு தெரிஞ்சதும் கோவத்துல ஜனங்க வானொலி இருந்த கட்டடத்துக்கே தீ வெச்சுட்டாங்க. உள்ள இருந்தவங்க சில பேரு செத்துப் போனாங்க. தீ வெச்சது கொடுமை, அதுல ரெண்டு பேச்சு இல்ல. ஆனா அந்தக் கோவம் எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்குப் புரியுது. பயந்ததுக்கு வந்த கோவம் இல்ல அது. நம்பினதுக்கு வந்த கோவம்.

அப்போ பயமுறுத்துற நாடகமே வேணாமான்னு கேட்டா, வேணும்னுதான் சொல்லுவேன். அண்ணன் அன்னிக்கு ராத்திரி ஒண்ணு சொன்னாரு. "நம்ம கூத்துல கட்டியங்காரன் முதல்ல வந்து, இன்னிக்கு இன்ன கதைன்னு சொல்லிடுறான். துரியோதனன் படுகளம் கூத்துன்னு ஊருக்கே தெரியும். அப்படியும் சாமி வந்து ஆடுறாங்க இல்ல? கதைன்னு தெரிஞ்சா பயம் போயிடும்னு எவன் சொன்னான்?"

அதுதான் என் கருத்தும். அந்த நாடகத்துல எனக்கு முதுகு சில்லிட்டப்ப, அது நாடகம்னு எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் சில்லிட்டுச்சு. அதுதான் திறமை. ஆர்சன் வெல்ஸ் கட்டியங்காரனை முதல்ல அனுப்பினாருதான், ஆனா அப்புறம் செய்தி வாசிக்கிறவன் வேஷத்தைப் போட்டு அவனை மறைச்சுட்டாரு. இன்னிக்கு நம்ம பசங்களும் தமிழ்ல இப்படிப் பண்ண ஆரம்பிச்சிருக்காங்க. செவ்வாய் கிரகத்துக்காரனைக் கூட்டிட்டு வாங்க, எங்க ஏரியிலயே கூட இறக்குங்க, நாங்க கேக்குறோம். ஆனா வெள்ள எச்சரிக்கைக் குரலையும் செய்திக் குரலையும் மட்டும் தொடாதீங்க. அதை நம்பித்தான் நாங்க மாட்டை அவுக்கிறோம். துண்டு துண்டா வெட்டி போன்ல அனுப்புறாங்களே, அந்தத் துண்டுல கட்டியங்காரன் இருக்கமாட்டான். என் வீட்டுக்காரம்மா மாதிரி நடுவுல வர்றவங்கதான் ஊருல பாதிப் பேரு.

நேத்து அவங்களே பையனுக்குப் போன் போட்டு, "சனிக்கிழமை வரும்போது அதை மறுபடியும் போடுடா, முதல்ல இருந்து"ன்னு சொல்லிட்டாங்க. இந்தத் தடவை சாப்பாட்டை முன்னாடியே கொண்டு வந்துடுவாங்களாம்.