சேப்பாக்கம் அரண்மனை நமக்குச் சொல்லும் பாடம்

ஆற்காடு நவாப் முஹம்மது அலி வாலாஜா 1768ல் கட்டிய சேப்பாக்கம் அரண்மனை, 1855ல் கடைசி நவாப் மறைந்தபின் ஆங்கிலேயர் கைக்குப் போய் அரசு அலுவலகமானது. 2012 ஜனவரியில் அதன் கலஸ் மஹால் தீக்கிரையானது. இடித்துத் தள்ளாமல், சுண்ணாம்புக் காரை கொண்டே பழைய முறையில் சீரமைத்தார்கள். இன்று அங்கே தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இயங்குகிறது.

ஆள் புழங்கும் கட்டடத்தில் கூரை ஒழுகினால் உடனே தெரியும். பூட்டிய கட்டடத்தில் அரசமரம்தான் முளைக்கும்.

நமது மஹல்லாக்களிலும் பழைய மதரஸாக்களும் முஸாஃபிர்கானாக்களும் பூட்டிக் கிடக்கின்றன. வக்ஃப் சொத்து அமானிதம். கடை வாடகைக்காக அவற்றை இடிக்குமுன், வாகிஃபின் நிபந்தனைக்கு உட்பட்டு நூலகமாகவோ மாணவர் விடுதியாகவோ மாற்ற முடியுமா என்று ஜமாஅத் நிர்வாகிகளிடம் நாம் கேட்க வேண்டும்.