அறுவடைக் காசால் கடனைக் குறைக்க முடியாதா?

காலபோக நெல் வெட்டி முடிந்ததும் வன்னியில் பல வீடுகளில் சிறிது காலத்துக்கு மொத்தமாகக் காசு இருக்கும். மாசி, பங்குனியில் வரும் அந்தக் காசு சித்திரைக்குள் கரைந்துவிடும். கடன்பட்ட குடும்பம் கடனைக் குறைக்க நினைத்தால் அதுதான் நேரம். ஆனால் நிதிக் கம்பனிக்குப் போய் 20,000 ரூபா மேலதிகமாகக் கட்டினால் பெரும்பாலும் என்ன நடக்கிறது? காசை வாங்கி, வரப்போகும் தவணைகளுக்கான முற்பணமாகப் பதிகிறார்கள். முதல் குறைவதில்லை, வட்டியும் குறைவதில்லை.

முழுக்கடனையும் முடிக்கப் போனால் நிலைமை இன்னும் மோசம். ஒரு இலட்சம் ரூபாவை இரண்டு வருடத்துக்கு, ஆண்டுக்கு 18 வீத நிலையான வட்டிக்கு எடுத்ததாக வைத்துக்கொள்வோம். மொத்த வட்டி 36,000. மாதத் தவணை சுமார் 5,667. குறைந்து செல்லும் முதலில் கணக்குப் பார்த்தால் இந்த "18 வீதம்" உண்மையில் 31 வீதத்துக்கும் மேல். ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டிய பின் மீதியை முடிப்பதானால், நியாயமான கணக்குப்படி சுமார் 57,700 போதும். மீதி 12 தவணைகளையும் அப்படியே கேட்டால் 68,000. இன்னும் பாவிக்காத காலத்துக்கு 10,000 ரூபாவுக்கு மேல் வட்டி! இதற்கு மேல் "முன்கூட்டி முடிக்கும் கட்டணம்" என்று ஒன்றும் சேர்ந்தால் யார்தான் கடனை முடிப்பார்கள்? நம் பெண்கள் நகையை அடகு வைப்பதை விரும்புவதில் காரணம் இருக்கிறது. கையில் காசு வந்ததும் மீட்கலாம், வைத்திருந்த காலத்துக்கே வட்டி.

2018இல் அரசாங்கம் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், மூன்று மாதமோ அதற்கு மேலோ நிலுவையில் இருந்த, ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட பெண்களின் நுண்நிதிக் கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. தேவையான நடவடிக்கைதான். ஆனால் கட்ட முடியாதவருக்குத்தான் அது வழி காட்டியது. பட்டினி கிடந்தாவது நேரத்துக்குக் கட்டியவருக்கும், முன்கூட்டிக் கட்ட விரும்பியவருக்கும் அதில் எதுவும் இல்லை.

இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2025 ஜூலையில் ஒரு விதி வெளியிட்டது. 2026 ஜனவரி 1 முதல் வழங்கப்படும், மாறும் வட்டி கொண்ட தனிநபர் கடன்களுக்கு, பகுதியாகவோ முழுமையாகவோ முன்கூட்டிக் கட்டினால் கட்டணம் அறவிடக் கூடாது. இதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் போதாது. வன்னியில் ஏழைகள் எடுக்கும் கடன் பெரும்பாலும் நிலையான வட்டிக் கடன்; அந்த விதி அதைத் தொடவே தொடாது. பிரித்தானிய முறை நமக்குக் கூடப் பொருத்தம். 12 மாதத்தில் 8,000 பவுணுக்கு உட்பட்ட தொகையை முன்கூட்டிக் கட்டினால் கடன் கொடுத்தவர் இழப்பீடு கேட்க முடியாது. அதற்கு மேல் போனாலும் உச்சம் 1 வீதம்தான். முன்கூட்டிக் கட்டினால் எங்களுக்கு நட்டம் என்று கம்பனிகள் சொல்வதில் பெரிய கடன்களைப் பொறுத்தவரை ஓரளவு உண்மை உண்டு. ஒரு இலட்சம் ரூபாக் கடனில் அந்த வாதம் எடுபடாது.

தண்ணீரூற்றிலும் சாளம்பைக்குளத்திலும் மீளக்குடியேறிய நம் மக்களில், வட்டிக்கு அஞ்சி முராபஹா முறையில் கடை வைத்தவர்களும் மோட்டார் சைக்கிள் எடுத்தவர்களும் இதைத் தங்களுக்குரிய பிரச்சினை அல்ல என்று எண்ண வேண்டாம். முராபஹாவில் விற்பனை விலை முதலிலேயே முடிவாகிவிடும். ஆகவே முன்கூட்டிக் கட்டினால் இலாபத்தில் கழிவு கிடைப்பது நிறுவனத்தின் மனதைப் பொறுத்தது. 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, முன்நிபந்தனை இல்லாதவரை கடனை விரைவாகத் தீர்ப்பதற்காகத் தொகையைக் குறைப்பது ஆகும் என்றது. மலேசிய மத்திய வங்கி ஒரு படி மேலே போய், 2011 முதல் அந்த இப்ராவை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும் என்று கட்டாயமாக்கியது. இங்குள்ள ஷரீஆ சபைகள் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும்.

நுண்நிதியைக் கண்காணிக்க ஓர் அதிகாரசபை வேண்டும் என்ற பேச்சு நீண்ட நாளாக நடக்கிறது. வன்னி மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள் அதில் ஒரு வரிக்காகவாவது வாதாட வேண்டும்: மேலதிகமாகக் கட்டும் காசு முதலில் கழிக்கப்பட வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. அதுவரை, மேலதிகக் காசு கட்டும்போது பற்றுச்சீட்டில் "முதலுக்கு" என்று எழுதித் தரச் சொல்லுங்கள், மீதிக் கணக்கையும் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் அந்தக் கடதாசிகளோடு கிளிநொச்சியில் உள்ள மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகத்துக்குப் போய் விசாரியுங்கள். அடுத்த அறுவடைக்கு முன் செய்தால் நல்லது.